பந்துப்பூவின் நீலம்

14-6-1987

மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டு வீட்டுத் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு போட்டேன்.

ஊருக்கெல்லாம் உரம் விற்கிறவனின் வீட்டு மண் இத்தனை வருஷமாகப் புளித்துக் கிடந்திருக்கிறது. தலைச்சோலையிலிருந்து வருகிறவர்களிடமும் செம்மநத்தத்திலிருந்து வருகிறவர்களிடமும், "இந்த மலை மண்ணு புளிப்புங்க, மொதல்ல சுண்ணாம்பு போட்டு அதைத் தணிங்க, அப்பறம் மத்த உரம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன். என் வீட்டு பீன்ஸோ மஞ்சளாகிச் சோகை பிடித்து நிற்கிறது. வீட்டுக்காரி மல்லிகா இருந்தவரை தோட்டம் அவள் ராஜ்யம். எப்போதாவது ஒரு பிடி எலும்புத்தூள் கொண்டுவந்து கொடுத்ததைத் தவிர நான் தலையிட்டதில்லை. இலைச்சருகு, சாணம், அரிசி கழுவின தண்ணீர், அவ்வளவுதான் அவள் உரம். அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. சாயந்திரங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்ணையாவது சரி பண்ணுவோம் என்று இறங்கிவிட்டேன்.

சுண்ணாம்புத்தூள், எலும்புத்தூள், ராக் பாஸ்பேட், அடுப்புச் சாம்பல். யூரியாவை நானே விற்றாலும் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அது குளுக்கோஸ் ஏற்றின மாதிரி, இரண்டு நாள் தெம்பு. கல்லும் எலும்பும் சாம்பலும் மண்ணில் மெதுவாகக் கரைந்து சேர்கிறதுதான் நிற்கும்.

வீட்டு வேலைக்கு வரும் மாதம்மாள் துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏனுங்க ஐயா, பொங்கலுக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்குது. இப்பவே மண்ணுக்கு வெள்ளையடிக்கிறீங்க?"

சுவரோரம் நிற்கும் மல்லிகாவின் ஹைட்ராஞ்சியாவுக்கும் ஒரு முறம் தூவினேன். அதற்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை? இப்போது நீலம் நீலமாகப் பூத்துக் குலுங்குகிறது. ஒவ்வொரு கொத்தும் பிள்ளைகள் விளையாடும் பந்து அளவு. ஹைட்ராஞ்சியா என்ற பேர் கடைசிவரை அவள் வாயில் நுழையவில்லை. அவளுக்கு அது பந்துப்பூதான்.

9-8-1987

பீன்ஸ் கரும்பச்சை. ஆரஞ்சு மரத்தில் புதுத்துளிர். சொன்னேனா இல்லையா?

15-11-1987

மல்லிகாவுக்கு வருஷத் திதி கொடுத்தாயிற்று. சேலத்திலிருந்து மகள் வள்ளியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள்.

வந்ததிலிருந்து வள்ளி ஒரே பாட்டு. "தனியா இந்தக் குளிருல எதுக்குங்கப்பா? கடையையும் ஊட்டையும் குடுத்துட்டு எங்ககூட வந்துருங்க." பக்கத்து லாட்ஜ்காரர் செல்வராஜும் இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். லாட்ஜை இந்தப் பக்கம் நீட்ட வேண்டுமாம். இவளிடமும் சொல்லி வைத்திருக்கிறார் போல.

"உங்கம்மா செடி இங்க இருக்கு" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அதுதான் காரணம். அவள் புடவைகளை வள்ளி எடுத்துப் போனாள். பாத்திரத்தை மாதம்மாளுக்குக் கொடுத்தேன். வள்ளியை விட்டால், மல்லிகா விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அந்தச் செடி ஒன்றுதான். அதைச் சேலத்து வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒரு வாரம் தாங்காது.

கிளம்பும்போது வள்ளி நிலைப்படிக்கு மேலே பார்த்தாள். "ஆணி வெறுமனே இருக்குதுங்களேப்பா."

"அந்தக் கல்லுத் திருவிழா உங்கம்மாவோட முடிஞ்சுது."

ஆணியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

அந்த ஆணியில் மல்லிகா படிகாரக் கல்லைக் கருப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். திருஷ்டிக்கு. எழுபத்து நாலில் உர லோடோடு வந்த லாரி மலைப்பாதை வளைவில் சறுக்கிச் சுவரில் முட்டி நின்றது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் ஒரு தையலோடு வீடு வந்து சேர்ந்தேன். ஊரே வந்து "தப்பிச்சீங்களே" என்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது. அத்தனை பேர் பார்த்ததே அவளுக்குப் பயம். அந்த அமாவாசைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் பழையதை அவிழ்த்துவிட்டுப் புதுசு கட்டுவாள். நான் விடுவேனா? "உரக்கடைக்காரன் மேல எவடி கண்ணு வெப்பா? கிட்ட வந்தா எலும்புத்தூள் நாத்தம்" என்பேன். "நீங்க சும்மா இருங்க" என்பாள். அவ்வளவுதான் எங்கள் வாதம். பன்னிரண்டு வருஷம் அதே வாதம்.

இப்போது யாரோடு வாதம் பண்ணுவது?

24-4-1988

பந்துப்பூ மொட்டு பிரிகிறது. ஓரத்தில் ஏதோ சிவப்பு தெரிகிற மாதிரி இருக்கிறது. வெயிலாக இருக்கும்.

3-5-1988

வெயில் இல்லை. ரோஸ். ஒரு பூ விடாமல் ரோஸ். சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் பஞ்சுமிட்டாய் மாதிரி அத்தனையும் ரோஸ். என்னடா இது? என்ன பண்ணித் தொலைச்சேன்?

காலையிலிருந்து மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். செடி நன்றாக இருக்கிறது, இலை பளபளக்கிறது, பூ போன வருஷத்தைவிடப் பெரிசு. எனக்குத்தான் யாரோ வேற்று மனுஷி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

8-5-1988

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் மரியதாஸ் எலும்புத்தூள் வாங்க வந்தார். முப்பது வருஷச் சிநேகம். பந்துப்பூவின் முதல் குச்சியை எஸ்டேட் பங்களாவிலிருந்து ஒடித்துக் கொண்டுவந்து மல்லிகா கையில் கொடுத்தவரே அவர்தான். வீட்டுக்கு இழுத்துப் போய்க் காட்டினேன்.

"சுண்ணாம்பு போட்டீங்களா?" என்றார்.

"போட்டேன்."

"அதானுங்க. மண்ணு புளிப்பா இருந்தா இது நீலம். புளிப்பு போச்சுன்னா ரோஸு. உரக்கடை வெச்சிருக்கீங்க, இது தெரியாதுங்களா?"

காபிக்கும் மிளகுக்கும் என்ன போடுவது என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பூவின் நிறத்துக்கு இதுவரை யாரும் என் கடைக்கு வந்ததில்லை. அதைச் சொன்னால் சமாதானம் ஆகிவிடுமா?

அவர் சுவரையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு வேறொண்ணு புரியலீங்க. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சு, மழையில அது கரைஞ்சு எறங்குற எடம் இது. இங்க நீலம் பூத்ததே அதிசயம். என்னத்தப் போட்டு வளத்தீங்க?"

"எலும்புத்தூள்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

"எலும்புத்தூளுக்கு நீலம் வராதுங்களே."

அவர் போன பிறகு யோசித்தேன். உண்மைதான். நட்ட புதிதில் இது வெளிறிப்போன ரோஸாகத்தான் பூத்தது. நடுவில் எப்போதோ ஊதாவாகி, பிறகு நீலமானது. நீலமான வருஷம் நான் கடையில் வருகிறவர்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினேன். எல்லாம் நம்ம எலும்புத்தூள் மகிமை என்று மார் தட்டினேன். மல்லிகா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெட்கம் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்!

எதற்குச் சிரித்தாள்?

22-5-1988

நீலத்துக்குப் புளிப்போடு அலுமினியச் சத்தும் வேண்டுமாம்; பாக்சைட் வெட்டுகிற பக்கமிருந்து செம்மண் இரண்டு சாக்கு வந்தது. செடியைச் சுற்றிச் சுண்ணாம்பு மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு இதைப் போட்டேன். மேலே புளிப்புக்குக் காபித்தோல் ஒரு கூடை. பார்ப்போம்.

5-6-1988

ரோஸ்.

26-6-1988

வள்ளி வந்தாள். கேட்டைத் திறந்ததும், "அப்பா! பூ எவ்வளவு அழகா இருக்குது! ரோஸு நொம்ப நல்லா இருக்குதுங்கப்பா!" என்று குதித்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "உங்கம்மா செடியை நான் கொன்னு வெச்சிருக்கேன், நீ அழகுங்கறே" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்ச் சமைத்தாள். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்: "செடி சாகலீங்கப்பா. நீங்கதான் இப்படி இருக்கீங்க. அதனாலதான் கூப்புடறேன்."

குழந்தையிடம் ஏன் கத்தினேன்? அவளுக்கும்தானே அம்மா.

18-9-1988

வருகிறேன் என்று வள்ளிக்குச் சொல்லிவிட்டேன். செல்வராஜிடமும் பேசியாயிற்று. பொங்கல் கழித்து வீட்டை ஒப்படைப்பது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு வரும்ங்க" என்றார். என் மனசு என்ன ஆகியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? செடி செடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நிற்பது யார் வீட்டுச் செடியோ. பிறகு எதற்கு இங்கே உட்கார்ந்து குளிரில் நடுங்குவது?

10-11-1988

தீபாவளிக்குச் சேலம் போய்வந்தேன். வள்ளி வீட்டில் எனக்கென்று ஒரு அறை வைத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அங்கே ஒரு தொட்டியில் பந்துப்பூவை வைத்துப் பார்க்கலாம் என்றாள். தாங்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் சரி என்றேன்.

20-11-1988

கை மண்ணைக்கூடக் கழுவவில்லை. எழுதிவிடுகிறேன்.

மழை விட்டிருந்ததால் பந்துப்பூவைப் பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றலாம் என்று காலையில் மண்வெட்டி எடுத்தேன். முன்பக்கம் லேசாக வந்தது. சுவரை ஒட்டின பக்கம், செடிக்கும் சுவருக்கும் நடுவில், ஆள் நிற்க முடியாத அந்தச் சந்தில் கையை விட்டுத் தோண்டினேன். வேரோடு வேராக ஏதோ கருப்பாகப் பின்னிக் கிடந்தது. புழு என்று உதறினேன். புழு இல்லை. கயிறு. கருப்புக் கயிறு. இழுக்க இழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. பாதி மக்கிப்போய்த் தொட்டால் பிய்கிறது, சிலது இன்னும் அவ்வளவு மக்கவில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுருக்கு, அதற்கு மேலே இரட்டை முடிச்சு. சுருக்குக்குள்ளே ஒன்றும் கிடையாது. வெறும் ஓட்டை.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடித் துணியில், வள்ளிக்குக் கட்டிக் கொடுக்கும் முறுக்குப் பொட்டலத்தில், எல்லாவற்றிலும் அதே முடிச்சுதான். அவிழ்க்க வராமல் நான் கத்தரிக்கோல் தேடுவேன்.

மாதம்மாளைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, அதை ஏனுங்க வெளியில எடுத்தீங்க?" என்றாள்.

"என்ன இது?"

"அம்மா வாசல்ல கட்டுற கல்லுங்க. அமாவாசைக்கு அமாவாசை பழசை அவுத்து இங்கதான் பொதைப்பாங்க. கண்ணு வாங்குன கல்லு, அதுமேல ஆரு காலும் படக் கூடாது, அதுலயும் ஐயா காலு படவே கூடாதும்பாங்க. இந்தச் சந்துக்குள்ளதான் ஆரும் போக மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. ரோட்டோரம் எங்காவது வீசுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

கல் எங்கே? கேட்ட பிறகுதான் புரிந்தது. படிகாரம் தண்ணீரில் கரையும். பாக்சைட்டில் இருக்கிற அதே அலுமினியச் சத்துதான் இதிலும். பாக்சைட்டில் அது கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும், லேசில் இறங்காது. படிகாரம் ஒரு மழைக்கே இறங்கும். புளிப்பும் அதிலேயே உண்டு. எவ்வளவு கல்! அத்தனையும் இந்த வேருக்குள் போயிருக்கிறது. சுவர்ச் சுண்ணாம்பு ஒரு பக்கம் இறங்க இறங்க, இவள் மறுபக்கம் புதைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். என் எலும்புத்தூள் இல்லை. எதுவும் நான் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அவள் பயந்த பயம்தான் இத்தனை வருஷம் நீலமாகப் பூத்திருக்கிறது. அதை நான் ஊரைக் கூட்டிக் காட்டி, என் சரக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இந்தச் சத்துக் கணக்கெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் கல் புதைத்த பிறகுதான் நிறம் மாறியது என்று பார்த்திருப்பாள். பார்க்காமலா வாயைப் பொத்திக்கொண்டு போனாள்? சொல்லியிருக்கலாமே. சொன்னால் நான் கிண்டல் பண்ணுவேன் என்று... ஐயோ மல்லிகா.

கயிறுகளைத் திரும்ப உள்ளே வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். ஒரு பக்கத்து வேர் அறுந்துவிட்டது. செடி ஒருபுறம் சாய்ந்து நிற்கிறது. பிழைக்குமா?

21-11-1988

போஸ்டாபீஸுக்குப் போய் வள்ளியிடம் போனில் பேசினேன். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ ஹலோ" என்று கத்தினேன்.

"இருக்கேனுங்கப்பா" என்றாள். "செல்வராஜ் மாமாகிட்ட நானே பேசிக்கறேன்."

9-12-1988

அமாவாசை. கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பெரியசாமியின் நாட்டுமருந்துக் கடையில் படிகாரம் வாங்கினேன்.

"அம்மா போனப்பறம் இப்பத்தானுங்க நம்ம கடைக்கு வர்றீங்க. வாசலுக்குங்களா?" என்று கயிற்றுக் கண்டை எடுக்கப் போனான்.

"கயிறு வேண்டாம். செடிக்கு."

"செடிக்கே திருஷ்டிங்களா?"

"திருஷ்டியும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. உரம்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பொடித்து, வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் ஊற்றினேன். மரியதாஸுக்கு விஷயம் போனதும், பழைய பங்களாத் தோட்டக்காரர்களிடம் விசாரித்து, அவர்களும் இதைத்தான் செய்வார்களாம் என்று சொல்லியனுப்பினார். "கிளையை மட்டும் வெட்டிராதீங்க, போன வருஷத்துக் குச்சியிலதான் பூக்கும்" என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே.

நிலைப்படி ஆணி வெறுமனேதான் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக நான் ஒன்றும் மாறிவிடவில்லை.

7-1-1989

அமாவாசை. படிகாரத் தண்ணீர். செடியில் ஒரு இலை இல்லை. விறகுக் குச்சி மாதிரி நிற்கிறது. மாதம்மாள் நகத்தால் கீறிப் பார்த்து, "உள்ள பச்சை இருக்குதுங்க" என்கிறாள். நான் போய்க் கீறினால் காய்ந்த மாதிரித் தெரிகிறது.

17-1-1989

பொங்கலுக்கு வள்ளி வந்திருந்தாள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, செடிப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று நிறுத்தினாள். வீட்டின் ஒரு மூலை இப்போது அழுக்காக இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைத்தால் என்ன?

கிளம்புமுன் செடியடியில் குந்தி, மண்ணைக் கிளறி, கயிறு ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

2-3-1989

துளிர்! அடிக்கணுவில் இரண்டு. வேர் அறுந்த பக்கமும் ஒன்று. மாதம்மாளிடம் சொன்னால், "அன்னைக்கே சொன்னேனுங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

30-4-1989

முதல் கொத்து பிரிந்தது. ரோஸும் இல்லை, நீலமும் இல்லை. கத்தரிப்பூ நிறம். ஸ்டூலைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடை திறக்க நேரமாகிவிட்டது. திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

21-5-1989

நீலம்.

சுவர்ப் பக்கம் மூன்று கொத்து. மற்றதெல்லாம் ஊதா. மூன்று போதும். காபி டம்ளரோடு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். "ஏய், இங்க வந்து பாரு" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டுவிட்டேன். மாதம்மாள்தான் வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி ஆறிப்போச்சு என்றேன்.

3-6-1989

கோடை விழா முடிந்தும் கூட்டம் குறையவில்லை. காலையில் சேலத்திலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. கூட வந்த ஒரு அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி, என்ன நெறமுங்க இது! கண்ணை எடுக்கவே முடியலீங்களே!" என்றாள். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாருமாக நின்று, வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வேன் போய்விட்டது. எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. எடை போடும்போது கை தவறுகிறது. இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே, அந்த அம்மாள் எப்படிச் சொன்னாள்... இது என்ன கிறுக்குத்தனம் என்று இரண்டு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு எழுந்து ரோட்டைத் தாண்டினேன்.

பெரியசாமி படிகாரத்தைக் காகிதத்தில் மடிக்கப் போனான். "செடிக்குத்தானுங்க?"

"வாசலுக்கு."

கருப்புக் கயிறு ஒரு முழம் வெட்டி மேலே வைத்தான்.

ஸ்டூலில் ஏறி ஆணியில் கட்டினேன். அவள் போடுகிற இரட்டை முடிச்சு எனக்கு வரவில்லை. இரண்டு தரம் அவிழ்த்துப் போட்டேன். மாதம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "ஐயாவுக்கும் பயம் வந்துருச்சுங்களா?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான்" என்று செடியைக் காட்டினேன்.

இன்று அமாவாசை. அடுத்த அமாவாசைக்கு இதை அவிழ்த்துச் சுவரோரச் சந்தில் புதைக்க வேண்டும். யார் காலும் படாமல்.